வேய்ந்த பொன்னும் பூசிய பொன்னும்: கோயிற் கலசங்களைப் பற்றிய எழுத்துகளில் ‘முலாம்’ என்னும் சொல் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கோயில் விமானங்களிலும் கோபுரங்களிலும் அமைந்துள்ள செப்புக் கலசங்களைப் பற்றிய தமிழ் எழுத்துகள், அவற்றின் மேலுள்ள பொன்னைப் பெரும்பாலும் ‘முலாம்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. பொன்தகட்டைப் போர்த்துதல், பாதரசத்தின் வழியாகப் பொன்னைப் பூசுதல், மின்பகுப்பின் வழியாகப் பொன்னைப் படியச் செய்தல் ஆகிய மூன்றும் வெவ்வேறு தொழில்கள். இவற்றுள் செலவாகும் பொன்னின் அளவும், தொழிலாளர் ஏற்கும் இடரும், கலசம் நிலைத்திருக்கும் காலமும் வேறுபடுகின்றன. தஞ்சை இராசராசேச்சரத்துச் செப்புக்குடம் பற்றிய கல்வெட்டுச் செய்தியைக் கணக்கிட்டு நோக்கி, அதனை ‘முலாம்’ என வழங்குதல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அவ்வேறுபாடு வடசென்னைக் கடற்கரைப் பகுதியின் கலசங்களுக்கு இன்று எவ்வகையில் இன்றியமையாதது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: கலசம், செப்புக்குடம், பொன்வேய்தல், இரசப்பூச்சு, மின்முலாம், திருவொற்றியூர், குடமுழுக்கு.

முன்னுரை

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கு நோக்கி நீளும் கடற்கரைப் பகுதி, மீன்பிடித் துறைமுகத்தாலும் தொழிற்சாலைகளாலும் அறியப்படுவது. அதே பகுதியில் ஆதிபுரீசுவரரும் வடிவுடையம்மனும் உறையும் திருவொற்றியூர்ப் பெருங்கோயில் முதல் மீனவர் தெருக்களின் சிறு அம்மன் கோயில்கள் வரை எண்ணற்ற விமானங்கள் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் ஒளிரும் கலசங்களே அக்கட்டடங்களில் கடற்காற்றை முதலில் எதிர்கொள்ளும் உறுப்புகள். குடமுழுக்கு முடிந்த சில ஆண்டுகளிலேயே கலசத்தின் பொன்னிறம் மங்குவதும், இணைப்பு விளிம்புகளில் பச்சைக் கறை வடிவதும் கடலோர ஊர்களில் வாழ்வோர் கண்டறிந்தவை.

இம்மங்கல் எதனால் நிகழ்கிறது என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் முதலில் எதிர்கொள்ளும் தடை சொல்லைச் சார்ந்தது. ‘பொன்முலாம் பூசிய செப்புக் கலசம்’ என்னும் தொடர் தலவரலாற்று நூல்களிலும், நாளிதழ்ச் செய்திகளிலும், கோயிற்கலை பற்றிய பாடநூல்களிலும் வழங்குகிறது. பத்தாம் நூற்றாண்டுப் பணிக்கும் சென்ற ஆண்டுத் திருப்பணிக்கும் இத்தொடரே கையாளப்படுகிறது. ஆயிரம் ஆண்டுத் தொழில் வரலாற்றை ஒரு சொல்லுக்குள் அடக்கும் இவ்வழக்கு, கல்வெட்டுகளைப் படிக்கும் முறையையும் இன்றைய திருப்பணியை மதிப்பிடும் முறையையும் ஒருசேரப் பாதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

சொற்களின் எல்லை

பொன்னால் ஒரு பொருளை மூடுதலைக் குறிக்கத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட வினைகள் உள்ளன. வேய்தல் என்பது கூரையை ஓலையாலோ புல்லாலோ ஓட்டாலோ மூடுதலுக்குரிய வினை. தில்லைச் சிற்றம்பலத்தின் கூரைக்குப் பொன் வேய்ந்தவனாக முதலாம் பராந்தகன் போற்றப்படுகிறான். கூரைக்குரிய வினையே அங்கு ஆளப்படுவது தற்செயலன்று. வேயப்படுவது தனித்தனித் துண்டாக இருக்கும், அதனைக் கழற்றலாம், மீண்டும் வேயலாம். போர்த்தல், பொதிதல் ஆகிய வினைகளும் இவ்வகையினவே. மூடும் பொருளும் மூடப்படும் பொருளும் இவற்றில் தம் தனித்தன்மையை இழப்பதில்லை.

பூசுதல் இதற்கு மாறானது. சந்தனம், சுண்ணம், மஞ்சள் போன்ற குழம்பாகவோ களியாகவோ உள்ள பொருளே பூசப்படும். பூசப்பட்டது பரப்போடு ஒன்றிவிடும். அதைத் திரும்பப் பெற வேண்டுமாயின் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

முலாம் என்னும் சொல் ‘முலம்மா’ என்னும் அரபு வழி உருதுச் சொல்லின் திரிபு. ஒளிரச் செய்யப்பட்டது என்பது அதன் அடிப்படைப் பொருள். தமிழில் இது பிற்கால வரவு. ஒரு சொல் பிற்காலத்தில் வந்தது என்பதாலேயே அது குறிக்கும் தொழிலும் பிற்காலத்தது என்று முடிவு கட்டுதல் கூடாது. எனினும், கல்வெட்டு தகடு என்று கூறும் இடத்தில் உரையாசிரியர் முலாம் என்று எழுதுவாராயின், மூலத்தில் இருந்த ஒரு தொழில்நுட்பச் செய்தி அழிக்கப்பட்டு வேறொன்று அவ்விடத்தில் வைக்கப்படுகிறது. அது மொழித் தூய்மையைப் பற்றிய சிக்கலன்று; சான்றைப் பற்றிய சிக்கல்.

வேய்தலுக்கும் பூசுதலுக்கும் இடையிலான வேறுபாட்டைத் திருவொற்றியூரே கண்கூடாகக் காட்டுகிறது. அங்கு மூலவர் ஆண்டின் பெரும்பகுதியும் கவசத்தால் மூடப்பட்டிருப்பார். கார்த்திகை முழுநிலவையொட்டிய மூன்று நாள்கள் மட்டும் அக்கவசம் களையப்பட்டு, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்பெறும். கவசம் தனிப் பொருள். அதற்கெனத் தனி நிறை உண்டு. களைந்தால் உள்ளிருக்கும் திருமேனி மாறாமல் வெளிப்படும். தைலமோ பரப்போடு படிந்துவிடுவது. ஒரே வழிபாட்டில் போர்த்தலும் பூசுதலும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. எவரும் ஒன்றை மற்றொன்றாக மயங்குவதில்லை. கலசத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் இம்மயக்கம் நேர்கிறது.

தஞ்சைச் செப்புக்குடம்: நிறை உணர்த்தும் செய்தி

கலசத்தின் பொன் குறித்துத் தமிழகத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று தஞ்சை இராசராசேச்சரத்தில் உள்ளது. ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் முதலாவதாக அமைந்த கல்வெட்டு, முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது பொ.ஆ. 1010இல், விமானத்தின் செம்பாலாகிய தூபித்தறியில் வைப்பதற்கு ஒரு செப்புக்குடம் அளித்ததைக் கூறுகிறது. குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மீது ‘சுருக்கின’ தகட்டின் பொன் 2,926½ கழஞ்சு.

இப்பதிவில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, செம்பின் நிறையும் பொன்னின் நிறையும் தனித்தனியே தரப்பட்டுள்ளன. இரண்டாவது, பொன்னின் வடிவம் தகடு எனச் சுட்டப்பட்டுள்ளது. மூன்றாவது, அத்தகட்டைச் செம்பின்மேல் அமைத்த செயலுக்குப் பூசுதல் என்னும் வினை ஆளப்படவில்லை. சுருக்குதல் என்னும் வினை ஆளப்பட்டுள்ளது. தகட்டின் விளிம்புகளை மடித்து இறுக்கி, குடத்தின் வளைவோடு பொருந்தச் செய்தலையே இவ்வினை குறிக்கிறது எனக் கொள்வது பொருத்தமாகும்.

கல்வெட்டின் சொல்லை ஏற்கத் தயங்குவோர்க்கு அதன் எண்ணே விடை தரும். ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி. அதனை ஐந்து கிராம் எனக் குறைத்து மதிப்பிட்டாலும் 2,926½ கழஞ்சுப் பொன் 14.6 கிலோகிராமுக்குச் சற்று மேலாகிறது. தூய பொன்னின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஆகவே அப்பொன்னின் பருமன் ஏறத்தாழ 758 கன சென்டிமீட்டர். பொன்னில் வேற்றுலோகம் கலந்து மாற்றுக் குறைந்திருக்குமாயின் அடர்த்தி குறைந்து பருமன் மேலும் கூடும்.

இனி, பாதரசத்தின் வழிப் பூசப்படும் பொன்னின் தடிப்பு பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர் அளவினது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். மேல்வரம்பாகிய 10 மைக்ரோமீட்டர் தடிப்பில் 758 கன சென்டிமீட்டர்ப் பொன்னைப் பூசினால் அது ஏறத்தாழ 75 சதுர மீட்டர்ப் பரப்பை மூடும். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையின் புறப்பரப்பு 3.14 சதுர மீட்டரே. குடத்தின் விட்டத்தை ஒரு மீட்டர் எனக் கொண்டால் பொன்னின் தடிப்பு கால் மில்லிமீட்டரை நெருங்குகிறது. விட்டத்தை இரு மீட்டர் என மிகைப்படுத்திக் கொண்டாலும் தடிப்பு 60 மைக்ரோமீட்டராகிறது. இரசப்பூச்சின் மேல்வரம்பைப் போல இது ஆறு மடங்கு. எனவே இது பூச்சன்று, போர்த்திய தகடே என்பது சொல்லாலும் எண்ணாலும் உறுதிப்படுகிறது.

இதன் பயன் சொற்பொருள் அளவில் நின்றுவிடுவதில்லை. தகடாகப் போர்த்திய பொன், கோயிற் பண்டாரத்தின் கையிருப்பில் ஓர் இனம். அதைக் கழற்றலாம், நிறுக்கலாம், கட்டளைக்கல்லில் உரைத்து மாற்றுக் காணலாம். பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ எனப் பெயரிட்ட தனி எடைக்கல்லையே வைத்திருந்த ஒரு கோயில் ஆட்சி, அரைக் கழஞ்சையும் விடாமல் கல்லில் வெட்டியதன் காரணம் இதனால் விளங்குகிறது. கொடையைப் பறைசாற்றுவதோடு, பிற்காலத்தார் சரிபார்ப்பதற்குரிய கணக்காகவும் அக்கல்வெட்டு அமைகிறது. அதை முலாம் என்று மொழிபெயர்க்கும்போது கணக்கு அழகுரையாகச் சுருங்கிவிடுகிறது.

இங்கு ஒரு வரையறையும் வேண்டும். தஞ்சைக் குடம் ஒன்றைக் கொண்டு சோழர் காலத்தில் இரசப்பூச்சே இல்லை எனக் கூறுதல் இயலாது. இலங்கையின் கீழைக்கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்து, 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த 143 சென்டிமீட்டர் உயரமுள்ள தாரைப் படிமம், எட்டாம் நூற்றாண்டளவிலேயே இத்தென்புலத்தில் பெரிய வெண்கலப் படிமத்தின் மேனி முழுவதும் பொன்னேற்றும் திறன் இருந்ததை உணர்த்துகிறது. ஆகவே இக்கட்டுரை வேண்டுவது ஒரு தொழிலை மறுத்து மற்றொன்றை நிறுவுவதை அன்று; ஒவ்வொரு பொருளுக்கும் அதன் தொழிலைத் தனித்து அறிந்து எழுதுவதையே.

இரசப்பூச்சும் உலோகத் தேர்வும்

இரசப்பூச்சின் முறை பல நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றே. பொன்னை நுண்துகளாக்கி, அதைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு சூடான பாதரசத்தில் கரைப்பர். மிகுதியான பாதரசத்தைத் தோலில் இட்டுப் பிழிந்து நீக்கினால் வெண்ணெய் போன்ற களி கிடைக்கும். அழுக்கும் துருவும் நீக்கிய செம்பின்மீது அக்களியைத் தேய்த்து, தணலின்மேல் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவர். எஞ்சும் பொன் மங்கலான மஞ்சள் நிறத்தில் செம்போடு பிணைந்து நிற்கும். வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பின்னரே அது ஒளிரும். நேபாளத்தின் பாட்டன் நகரத்து நேவார்க் கைவினைஞரிடம் இத்தொழில் இன்றும் வழக்கில் உள்ளது.

இம்முறை எல்லா உலோகத்தையும் ஏற்பதில்லை. ஈயம் கலந்த வெண்கலத்தில் பாதரசம் ஈயத்தைக் கரைத்து மேற்பரப்பில் கறை உண்டாக்கும். எனவே பொன் பூசுவதற்குரிய பொருள்களைப் பண்டைத் தொழிலாளர் கூடியவரை கலப்பற்ற செம்பிலேயே செய்தனர். வெனிசு நகரத்துப் புனித மாற்குப் பேராலயத்தின் புகழ்பெற்ற நான்கு குதிரைகள், வார்ப்பதற்குக் கடினமானது என்று அறிந்தும், பொன்னேற்றத்தின் பொருட்டு ஏறத்தாழத் தூய செம்பிலேயே வார்க்கப்பட்டவை. ஈயம் கலந்த தமிழகத்து ஐம்பொன் திருமேனிகள் பெரும்பாலும் பொன் பூசப்படாமல் கவசமும் அணிகலனும் சாத்தப்பெறுவதையும், கலசம் மட்டும் செம்புத் தகட்டில் அடித்துச் செய்யப்படுவதையும் இப்பின்னணியில் வைத்து நோக்கலாம். கலசத்தைச் செம்பில் செய்தல் சமய மரபு என்பதோடு, பொன்னை ஏற்கத்தக்க உலோகத்தைத் தெரிந்தெடுத்த தொழிலறிவும் ஆகும். வெண்கலம், பித்தளை, செம்பு ஆகியவற்றை ஒன்றன் பெயரால் மற்றொன்றைச் சுட்டும் கலைவரலாற்று எழுத்துகள் இத்தொழிலறிவைக் காணத் தவறுகின்றன.

பிரெஞ்சுக் குடங்களும் ஒரு சொல்லின் சரிவும்

இத்தகைய சொல் மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் மாளிகைகளை அணிசெய்த பொன்பூசிய வெண்கலக் குடங்களும் தாழிகளும் இரசப்பூச்சால் ஆனவை. பியேர் கூத்தியேர் இத்தொழிலில் தலைசிறந்தவராக மதிக்கப்பட்டார். இப்பொருள்களைக் குறிக்கும் ‘ஓர்மொலு’ என்னும் சொல், அரைத்த பொன் எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. தொடக்கத்தில் தொழில்முறையையே சுட்டிய இச்சொல், நாளடைவில் பொன்னே கலவாமல் பொன்னிறம் மட்டும் காட்டிய செம்பு-துத்தநாகக் கலவைகளையும் தழுவிக்கொண்டது. பழம்பொருள் வணிகத்தில் இச்சொல் எதற்கும் உறுதி தராத விளம்பரச் சொல்லாக இழிந்தது.

அச்சொல்லின் மறைவில் இருந்த மனித இழப்பும் நினையத்தக்கது. பாதரசம் 357 டிகிரி செல்சியசில் கொதிப்பது. மூடிய பட்டறைகளில் அதன் ஆவியை நாள்தோறும் உட்கொண்ட தொழிலாளர் கைநடுக்கமும் பல்லிழப்பும் உற்று இளமையிலேயே மாண்டனர். வெண்கலத் தொழிலில் செல்வம் ஈட்டிய அந்துவான் ராவ்ரியோ, 1814இல் இறக்கும்போது, இவர்களைக் காக்கும் வழி கண்டறிவோர்க்குப் பரிசளிக்கத் தம் சொத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார். காற்றிழுக்கும் புகைப்போக்கியோடு கூடிய உலையை வடிவமைத்த வேதியியலாளர் தார்சே 1818இல் அப்பரிசைப் பெற்றார். பொன்னிறத்தைப் போற்றும் கலைவரலாறு அதைப் பூசியவரின் உடலையும் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு இது சான்று. எந்தத் தொழில்முறை என்பதை அறியாமல் அத்தொழிலாளர் ஏற்ற இடரையும் அறிய இயலாது. தகடு போர்த்திய தட்டாரும் இரசம் பூசிய கைவினைஞரும் ஒரே வகை இடரை ஏற்றவர்கள் அல்லர்.

மின்முலாமும் வடசென்னைக் கடற்காற்றும்

மூன்றாவது முறையாகிய மின்முலாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளைவு. இத்தாலியரான புருஞாத்தெல்லி 1805இல் மின்னோட்டத்தால் பொன் படியச் செய்தார். 1840இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் பெற்ற காப்புரிமைக்குப் பின் இது தொழிலாகப் பரவியது. பொற்சயனைடு உப்புக் கரைசலில் அமிழ்த்திய செம்பின்மீது மின்னோட்டம் பொன்னணுக்களைப் படியச் செய்கிறது. பாதரச ஆவி இதில் இல்லை என்பது பெரும் நன்மை. ஆனால் தடிப்பை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்பதே இதன் பொருளியல் கவர்ச்சியும் அழிவுக்குரிய வாயிலும் ஆகும். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பை ஒரு மைக்ரோமீட்டர் தடிப்பில் மூட 19.3 கிராம் பொன் போதும். அதனினும் பத்தில் ஒரு பங்குப் பொன்னிலும் செம்பு பொன்போல் தோன்றும்.

மெல்லிய பொற்படலத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் இருக்கும். கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு அத்துளைகளில் இறங்கும்போது, பொன்னும் செம்பும் ஒரு மின்கலத்தின் இரு முனைகளாகின்றன. பொன் அழிவதில்லை, அதன் அடியிலுள்ள செம்பே கரைந்து பச்சை உப்பாக வெளிப்படுகிறது. இவ்விதியைக் காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுத் தொழில் செய்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. படகின் அடியில் சுழலிக்கு அருகே துத்தநாகக் கட்டியைப் பொருத்துவதன் நோக்கமே, கடல்நீர் முதலில் துத்தநாகத்தை அரித்து, ஏனைய உலோக உறுப்புகளை விட்டுவைக்க வேண்டும் என்பது. கலசத்தில் நிகழ்வது இதன் மறுதலை. அங்கு தேய்ந்துபோகும் கட்டியின் இடத்தில் நிற்பது, நாம் காக்க விரும்பும் செப்புக்குடமே. மெல்லிய பொற்பூச்சு இங்குக் காப்பாக அமையாமல், அடியிலுள்ள செம்பின் அரிப்பை விரைவுபடுத்துகிறது.

இப்பகுதியின் காற்றில் உப்பு மட்டும் இல்லை. 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை முதலியவற்றால் நிலக்கரிப் புகையும் கந்தக வாயுவும் அரை நூற்றாண்டாக இக்காற்றில் கலந்துவந்துள்ளன. உப்பும் கந்தகமும் கூடிய ஈரக்காற்றில் செம்பின் அரிமானம் விரைவுபடும். ஆகவே உள்நாட்டு ஊர் ஒன்றுக்குப் போதுமான தடிப்பு திருவொற்றியூருக்குப் போதாது. ஆனால் ‘பொன்முலாம் பூசப்பட்டது’ என்னும் அறிவிப்பு இரண்டு ஊர்களிலும் ஒன்றாகவே எழுதப்படுகிறது. தடிப்பைச் சொல்லாத சொல், மக்கள் அளித்த பொன்னுக்கும் பதில் சொல்வதில்லை.

இரிடியம்: பிழைக் கருத்தின் விலை

கலசத்தின் உலோகத்தைப் பற்றிய தெளிவின்மைக்குத் தமிழகம் கொடுத்துவரும் விலை ஒன்று உண்டு. பழங்கலசங்களில் இடி தாக்குவதால் இரிடியம் என்னும் அரிய உலோகம் உண்டாகிறது, அது கோடிக்கணக்கில் விலைபோகும் என்னும் வதந்தியை நம்பிக் கலசங்கள் திருடப்பட்டதும், அவ்வாசையைக் காட்டிப் பலர் ஏமாற்றப்பட்டதும் காவல்துறை வழக்குகளாகப் பலமுறை வெளிவந்துள்ளன. இரிடியம் 2,400 டிகிரி செல்சியசுக்கு மேலேயே உருகும் உலோகம். செம்பு 1,085 டிகிரியில் உருகுவது. செம்பை உருக்கிய பழைய உலைகளில் இரிடியத்தைக் கையாளுதல் இயலாது. மின்னல் ஓர் உலோகத்தை வேறோர் உலோகமாக மாற்றுவதும் இல்லை. கலசம் என்ன உலோகம், அதன்மேல் எவ்வகைப் பொன், எவ்வளவு பொன் என்பதை ஆய்வுலகம் தெளிவாக எழுதிப் பரப்பியிருந்தால் இவ்வதந்தி வேரூன்றும் நிலம் சுருங்கியிருக்கும். ‘விலைமதிப்பற்ற’, ‘மர்மமான’ என்னும் அடைமொழிகளால் கலசத்தை வருணிக்கும் எழுத்துகள் அந்நிலத்துக்கு உரமிடுகின்றன.

குடமுழுக்கும் அழியும் சான்றும்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ வேண்டிய குடமுழுக்கே கலசத்தை அருகிருந்து காணும் ஒரே வாய்ப்பு. அப்போது கலசங்கள் இறக்கப்பட்டு, உள்ளிருக்கும் வரகு முதலிய பழைய தானியங்கள் நீக்கப்பட்டு, பரப்புத் துலக்கப்பட்டு, புதுப்பூச்சு இடப்படுகிறது. துலக்குதலின்போது பழைய பொற்படலம் அமிலத்திலும் தேய்ப்பிலும் நீங்கிவிடும். அப்படலம் இரசப்பூச்சா மின்முலாமா என்பதற்கு உரிய ஒரே சான்று அப்படலமே. ஒரு முறை நீங்கினால் அதை எந்த ஆய்வாளரும் மீட்க முடியாது. வழிபாட்டின் தேவையால் புதுப்பித்தல் நிகழ்வதில் பிழையில்லை. பதியாமல் புதுப்பிப்பதே இழப்பு.

இதற்குரிய கருவியறிவு அரிதன்று. கையில் எடுத்துச் செல்லத்தக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியால், பொருளைச் சிதைக்காமல், சில நிமிடங்களில் பரப்பிலுள்ள தனிமங்களை அறியலாம். பொன்னோடு பாதரசமும் தென்பட்டால் இரசப்பூச்சுக்கு வாய்ப்பு மிகுதி. சூட்டில் பாதரசம் முழுமையாக நீங்குவதில்லை என்பதே இச்சோதனையின் அடிப்படை. எனினும் பாதரசம் காணப்படுவதை முடிந்த முடிவாகவும் கொள்ளலாகாது. சாதிலிங்கம் போன்ற நிறப்பொருளிலிருந்தும் அது வந்திருக்கலாம். பாதரசம் தடவிய பரப்பில் பொன்னிதழ் ஒட்டும் முறையும் உண்டு. ஆகவே கருவியின் எண்ணோடு, தகட்டின் மடிப்பு, இணைப்பு, ஆணித்தடம் ஆகியவற்றைக் கண்ணால் கண்டு எழுதுதலும் வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கிவரும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம், காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் சில கிலோமீட்டர்த் தொலைவிலேயே உள்ளது. கோயில் ஆட்சியும் தமிழ், வரலாற்றுத் துறை ஆய்வாளரும் அத்தகைய ஆய்வகங்களும் ஒரு குடமுழுக்கின்போது சில நாள்கள் இணைந்து பணியாற்றினாலே போதுமானது.

இக்கோரிக்கையை இரசப்பூச்சுக்குத் திரும்ப வேண்டும் என்னும் ஏக்கமாகக் கொள்ளலாகாது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்புறுதி செய்துள்ளது. தொழிலாளரின் நுரையீரலை விலையாகக் கொடுத்து மரபைக் காத்தல் அறமன்று. வேண்டுவது, மின்முலாமே இடப்பட்டாலும் அதன் அளவைச் சொல்லுதல். கலசத்தின் பரப்பு எத்தனை சதுர மீட்டர், பயன்பட்ட பொன் எத்தனை கிராம், படலம் எத்தனை மைக்ரோமீட்டர் என்னும் மூன்று எண்கள் திருப்பணி ஒப்பந்தத்திலும் அறிவிப்புப் பலகையிலும் இடம்பெறுமாயின், அடுத்த குடமுழுக்கில் எது நிலைத்தது, எது அழிந்தது என ஒப்பிட்டறிய வழி பிறக்கும்.

முடிவுரை

தமிழில் கோயிற் கலசங்களைப் பற்றி எழுதும்போது ‘முலாம்’ என்னும் சொல்லைப் பொதுச்சொல்லாகக் கையாளுதல் மூன்று தொழில்களை ஒன்றாக்குகிறது. தகடாகப் போர்த்தியதைத் தகட்டுப்பொன் அல்லது பொன்வேய்தல் எனவும், பாதரசவழிப் பூச்சை இரசப்பூச்சு எனவும், மின்பகுப்பால் ஆனதை மின்முலாம் எனவும் பிரித்து வழங்குதல் ஆய்வெழுத்துக்கு உகந்தது. எவ்வகை என உறுதிப்படாத இடத்தில் ‘பொன்னேற்றிய’ என்னும் பொதுச்சொல்லே போதும்.

தஞ்சைக் கல்வெட்டு ஒரு குடத்தைப் பற்றிச் சில சொற்களே கூறுகிறது. ஆயினும் அச்சில சொற்களில் குடத்தின் உலோகம், அதன் நிறை, பொன்னின் வடிவம், அதன் நிறை, அளித்த நாள் ஆகிய ஐந்தும் அடங்கியுள்ளன. அவற்றைக் கொண்டே ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பொன்னின் தடிப்பைக் கணக்கிட முடிகிறது. இன்று காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ ஒரு கோயிலின் கலசம் பொன்னேற்றப்படும்போது வைக்கப்படும் பலகையைக் கொண்டு, பன்னிரண்டு ஆண்டு கழித்துகூட அக்கணக்கைச் செய்ய இயலாது. இராசராசனின் கணக்கர்கள் கல்லில் வெட்டிய அளவு செய்தியையேனும் நம் திருப்பணிப் பதிவுகளும் ஆய்வுக் கட்டுரைகளும் தர வேண்டும்.